கரடி நடமாடுற காட்டுக்குப் போறவங்க கேட்டது: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். நம்ம பிள்ளைங்க அமெரிக்கா, கனடா பக்கம் மலையேறப் போறாங்க, அங்க கரடி இருக்கு, என்ன பண்றதுன்னு. நம்ம தென்னாப்பிரிக்காவுல சிங்கம், சிறுத்தை, காண்டாமிருகம் எல்லாம் உண்டு, கரடி மட்டும் கிடையாது, அதனால யாருகிட்ட கேக்கிறதுன்னு தெரியாம நிறைய பேர் தவிக்கிறாங்கன்னு புரியுது. அதனால இந்த மாசம் முழுக்க அதுக்கே பதில்.

கேள்வி: வணக்கம் அண்ணே. நாங்க டர்பன் சாட்ஸ்வொர்த். டிராக்கன்ஸ்பெர்க்ல குகையில ராத்தங்கி மலையேறிப் பழக்கம் உண்டு. வர்ற ஆகஸ்ட்ல நானும் என் பொண்டாட்டியும் அவ தம்பியும் மொண்டானா போறோம், க்ளேசியர் நேஷனல் பார்க்ல மூணு ராத்திரி காட்டுக்குள்ள டென்ட் போட்டுத் தங்குறதா ப்ளான், அப்புறம் யெல்லோஸ்டோன். மச்சான் சொல்றான் துப்பாக்கி இல்லாம கரடி இருக்கிற காட்டுக்குள்ள போகவே கூடாதுன்னு, க்ரூகர் சரணாலயத்துல நடந்து போனாக்கூட ரேஞ்சர் ரைஃபிளோடதான வர்றாருன்னு கேக்கிறான். மாமா வீட்ல வச்சிருக்கிற பெப்பர் ஸ்ப்ரேயை எடுத்துக் குடுத்து இதைக் கொண்டுபோங்க போதும்ங்கிறார். யார் சொல்றதைக் கேக்கிறது?

பதில்: தம்பி, ரெண்டு பேர் சொல்றதும் வேண்டாம், ஆனா மாமா சொல்றது கொஞ்சம் பக்கத்துல வருது. மச்சானுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா துப்பாக்கி பேச்சு வந்துட்டா வீட்ல வேற எந்தப் பேச்சும் காதுல ஏறாது.

க்ரூகர்ல முன்னால போற ரேஞ்சர் வருசக்கணக்கா அதுக்குன்னே பயிற்சி எடுத்தவர், மிருகத்தோட காதும் வாலும் என்ன சொல்லுதுன்னு படிக்கத் தெரிஞ்சவர், சுடாம சமாளிக்கிறதுலதான் அவர் திறமையே இருக்கு. நம்ம மச்சான் கையில அந்த ரைஃபிளைக் குடுத்தா அது வேற கதை. க்ரிஸ்லிங்கிற பழுப்புக் கரடி ஓடினா மணிக்கு 55 கிலோமீட்டர் வேகம், புதருக்குள்ளேர்ந்து இருபது மீட்டர் தூரத்துல கிளம்பினா உங்க கையில ரெண்டு செகண்ட் கூட இல்ல. அதுக்குள்ள துப்பாக்கியை எடுத்து, லாக் எடுத்து, கை நடுங்காம, மேலும் கீழும் ஆடிக்கிட்டு வர்ற ஒரு உடம்புல சரியான இடத்துல சுடணும். குண்டு வேற எங்கயாவது பட்டா காயம்பட்ட கரடி இன்னும் மோசம்.

டாம் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரேரோ, இவங்க கூட இன்னும் சில ஆராய்ச்சியாளர்கள் அலாஸ்கால நடந்த சம்பவங்களை எல்லாம் தேடி எடுத்து அலசியிருக்காங்க. 2008-ல வந்த ஆய்வுல கரடிக்குன்னே விக்கிற மிளகாய் ஸ்ப்ரே அடிச்ச 83 சம்பவம், அதுல பழுப்புக் கரடியோட போக்கை ஸ்ப்ரே 92 சதவீதம் நிறுத்தியிருக்கு, கறுப்புக் கரடிக்கு 90. ஸ்ப்ரே கையில வச்சிருந்தவங்கள்ல 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்ல. 2012-ல துப்பாக்கி பத்தி ஒரு ஆய்வு, 269 சம்பவம். அதுல கைத்துப்பாக்கி 84, ரைஃபிள் மாதிரி நீளத் துப்பாக்கி 76 சதவீதம் கரடியை நிறுத்தியிருக்கு. முக்கியமான விஷயம் என்னன்னா, துப்பாக்கி வச்சிருந்தவங்க சுட்டாங்களா சுடலையாங்கிறதால காயம் படுறதுல பெரிய வித்தியாசம் எதுவும் வரல. ஒண்ணு நேர்மையா சொல்லணும், ஸ்ப்ரே ஆய்வுல வந்த கரடி எல்லாமே பாய்ஞ்சு வந்த கரடி இல்ல, சும்மா மோப்பம் பிடிச்சுக்கிட்டு சாப்பாடு தேடி வந்ததும் நிறைய, அதனால ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட முடியாது. அப்படி இருந்தும் நான் ஸ்ப்ரே பக்கம்தான். சட்டமும் அதைத்தான் சொல்லுது: 2010-லேர்ந்து அமெரிக்க நேஷனல் பார்க்ல அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வச்சிருக்கலாம், ஆனா அங்க சுடறது குற்றம். டூரிஸ்ட் விசால போறவங்க துப்பாக்கி கொண்டுபோகணும்னா தனி அனுமதி, வேட்டை லைசன்ஸ்னு வேற வரும். மூணு ராத்திரி நடைக்கு அது எதுக்கு?

இப்ப மாமா குடுத்த டப்பா. அது தெருவுல மனுசன் மேல அடிக்கிறது, சின்னது, மெல்லிசா ஒரு கோடு மாதிரி போய் கொஞ்ச தூரத்துலயே விழுந்துடும். கரடி ஸ்ப்ரேன்னா தீயணைக்கிற சிலிண்டரோட குட்டித் தம்பி மாதிரி இருக்கும், குறைஞ்சது 225 கிராம், ஆறு செகண்டாவது விடாம பீச்சணும், ஏழரை மீட்டருக்கு மேல போகணும், உள்ள மிளகாய்க் காரச் சத்து 1-லேர்ந்து 2 சதவீதம். டப்பா மேல அமெரிக்க அரசோட சுற்றுச்சூழல் துறையான ஈ.பி.ஏ. குடுக்கிற பதிவு எண்ணும் கரடிக்குன்னும் எழுதியிருக்கா பாருங்க. காலாவதித் தேதியும் பாருங்க, மூணு நாலு வருசத்துல உள்ள இருக்கிற அழுத்தம் குறைஞ்சிடும்.

டர்பன்லேர்ந்து எதையும் கொண்டுபோக நினைக்காதீங்க, கரடி ஸ்ப்ரே ப்ளேன்ல கையிலயும் போகாது பெட்டியிலயும் போகாது. மொண்டானாவுல கலிஸ்பெல்லோ போஸ்மேனோ இறங்கினதும் கடையில வாங்கிக்கலாம், டாலர் நாப்பது அம்பது ஆகும், வாடகைக்கும் சில இடத்துல கிடைக்கும். மூணு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு வாங்குங்க. இதுல கஞ்சத்தனம் வேண்டாம், ஏன்னா முன்னால போற ஆளுகிட்ட டப்பா இருந்து பின்னால வர்ற ஆளு மேல கரடி வந்தா என்ன செய்வீங்க.

வாங்கிட்டு பேக்பேக் உள்ள போட்டுடாதீங்க, இதைத்தான் நான் கையைப் பிடிச்சுச் சொல்லணும்னு நினைக்கிறேன். இடுப்பு பெல்ட்ல இல்லன்னா நெஞ்சு ஸ்ட்ராப்ல உறையோட தொங்கணும். டப்பா மேல ஆப்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் க்ளிப் இருக்கும், அதோட வளைவுல கட்டைவிரலை வச்சுப் பின்னுக்கு இழுத்தா கழண்டு வரும், அப்பதான் கீழ இருக்கிற விசை அமுங்கும். புதுசுல அந்த க்ளிப் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், உறையை இழுக்கிறது, க்ளிப்பை எடுக்கிறது, ரெண்டு கையால பிடிக்கிறது, இதை ரூம்லயே பத்து இருபது தடவை செஞ்சு பாருங்க, அடிக்க மட்டும் வேண்டாம். காரம் இல்லாத பயிற்சி டப்பான்னே தனியா விக்கிறாங்க, கிடைச்சா அதை வெளியில வச்சு ஒரு தடவை அடிச்சுப் பாத்தா மேகம் எப்படிப் பரவுதுன்னு கண்ணுக்குத் தெரியும். கரடி பாய்ஞ்சு வந்தா ஒரு பதினெட்டு மீட்டர்லேர்ந்து ஒன்பது மீட்டருக்குள்ள இருக்கும்போதே ஆரம்பிக்கணும், கொஞ்சம் தரையைப் பாத்த மாதிரி, அதுக்கு முன்னால ஒரு சுவர் எழும்புற மாதிரி. அது திரும்புற வரைக்கும் விடக் கூடாது, திரும்பினதும் நீங்க அந்த இடத்தை விட்டுக் கிளம்பிடணும்.

ஆனா தம்பி, ஸ்ப்ரே கடைசிப் படி. அதுக்கு முன்னாடி இருக்கிற படிகள்தான் உங்களைக் காப்பாத்தும், பேசிக்கிட்டே நடக்கிறது, மூணு பேரும் ஒட்டிப் போறது, விடியற்காலையிலயும் இருட்டினதுக்கு அப்புறமும் நடக்காம இருக்கிறது, காக்கா கூட்டம் வட்டமடிச்சா அங்க செத்த மிருகம் கிடக்கும் அதுக்குக் காவலுக்குக் கரடி இருக்கும்னு தெரிஞ்சு சுத்திப் போறது. கரடியைத் தூரத்துல பாத்தா யெல்லோஸ்டோன்ல 91 மீட்டருக்குக் கிட்ட போகவே கூடாது, போட்டோவுக்காகவும் கூடாது. அந்தப் பார்க் ஆரம்பிச்ச 1872-லேர்ந்து கரடியால செத்தவங்க எட்டே பேர், வெந்நீர் ஊத்துல விழுந்து செத்தவங்க அதைவிட ரெண்டு மடங்குக்கும் மேல. அதனால பயந்து போகாம இருக்காதீங்க, போங்க, நல்ல மலை, ஆனா வெந்நீர் ஊத்து பக்கம் போட்டிருக்கிற மரப்பாதையை விட்டு இறங்காதீங்க.

கேள்வி: தம்பி, நான் டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ்ல இருக்கேன். என் மக கனடாவுல கல்கரியில படிக்கிறா, லீவு நாள்ல சிநேகிதிங்களோட பான்ஃப் மலைப் பக்கம் நடக்கப் போயிடறா. எனக்குத் தூக்கம் இல்ல. அவ பரதநாட்டியம் ஆடின சலங்கை வீட்லதான் இருக்கு, அதைக் காலுல கட்டிக்கிட்டு நடந்தா கரடி ஓடிடும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க, அங்க மணி கட்டிக்கிட்டு நடக்கிறவங்க இருக்காங்களாமே. சலங்கையும் ஒரு பெப்பர் ஸ்ப்ரேயும் பார்சல் அனுப்பலாமா?

பதில்: அம்மா, ரெண்டையுமே அனுப்பாதீங்க. மனுசங்க மேல அடிக்கிற பெப்பர் ஸ்ப்ரே கனடாவுல தடை பண்ண ஆயுதம், பார்சல் மாட்டினா பிள்ளைக்குத்தான் சிக்கல். கரடிக்குன்னு விக்கிற ஸ்ப்ரேயை அவ கல்கரியிலயே கடையில வாங்கிக்கலாம், அது சட்டப்படி சரி, ஆனா அதையும் மிருகத்துக்கு மட்டும்தான்னு நினைப்பு வச்சுக்கணும், ஊருக்குள்ள தற்காப்புக்குன்னு தூக்கிக்கிட்டு அலையக் கூடாது.

மணி விஷயம். அங்க கடையில கரடி மணின்னு விக்கிறது உண்மைதான். ஆனா அலாஸ்காவுல கட்மாய்ங்கிற இடத்துல டாம் ஸ்மித் மறைவுல உக்காந்து கரடி நடந்து போற பாதை ஓரமா மணியை ஆட்டிப் பாத்தார், அதுங்க கண்டுக்கவே இல்ல. சின்ன மணியோட சன்னச் சத்தம் காத்துலயும் ஆத்துச் சத்தத்துலயும் கரைஞ்சிடும், கேட்டாலும் அது மனுசன்னு கரடிக்குத் தெரியாது. மனுசக் குரல்தான் வேணும். திருப்பத்துல, ஆறு பக்கத்துல, புதர் அடர்ந்த இடத்துல, எதிர்காத்து அடிக்கும்போது கையைத் தட்டி சத்தமா கூப்பிடச் சொல்லுங்க. உங்க மகளுக்குப் பாட்டு தெரியும்னா பாடட்டும், தாளம் போட்டுக்கிட்டே போகட்டும்.

இன்னொண்ணு அவளுக்குச் சொல்லுங்க. காதுல இயர்ஃபோன் போட்டுக்கிட்டுத் தனியா ஓடுற பழக்கம் அங்க வேண்டவே வேண்டாம். பான்ஃப்ல மொரேன் ஏரிப் பக்கம் சில பாதைகளுக்கு சில சீசன்ல நாலு பேருக்குக் குறையாம ஒட்டிப் போகணும்னு பார்க் நிர்வாகமே உத்தரவு போடும், கிளம்பறதுக்கு முன்னாடி அன்னைக்கு என்ன அறிவிப்புன்னு பாத்துட்டுப் போகணும். ஜூலை கடைசி, ஆகஸ்ட்ல பஃபலோபெர்ரின்னு ஒரு சிவப்புப் பழம் பழுக்கும், கரடிங்க தலையைக் குனிஞ்சு சாப்பிட்டுக்கிட்டே இருக்கும், ஆள் வர்றதைக் கவனிக்காது, அந்தப் புதர் இருக்கிற பாதையில இன்னும் அதிகமா சத்தம் போடணும். சாயங்காலம் திரும்பினதும் உங்களுக்கு ஒரு மெசேஜ் போடணும்னு கண்டிப்பா சொல்லிடுங்கம்மா. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன்னு காலையிலயே சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க, அது கரடிக்கு மட்டும் இல்ல, கால் சுளுக்கிக்கிட்டு உக்காந்தாலும் தேடி வர ஆள் வேணும்.

கேள்வி: ஜோஹன்னஸ்பர்க்ல வேலை பாக்குறேன், சொந்த ஊர் மதுரை. கலிஃபோர்னியாவுல யோசமிட்டி காட்டுக்குள்ள நாலு நாள் நடக்கப் போறோம். ஸ்ப்ரே, கரடியால திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா ரெண்டும் வாங்கணுமா, இல்ல கயித்துல கட்டி மரத்துல தொங்கவிட்டாப் போதுமா? புளியோதரைப் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாம் எடுத்துக்கிட்டுப் போறோம். வாசனையைக் குறைக்கணுமா?

பதில்: யோசமிட்டிக்கு ஸ்ப்ரே வாங்காதீங்க, அங்க அது தடை. கலிஃபோர்னியாவுல க்ரிஸ்லி நூறு வருசமாவே இல்ல, இருக்கிறது கறுப்புக் கரடி, அதுக்கு உங்க மேல ஆசை இல்ல, உங்க ஊறுகாய் மேலதான்.

டப்பா கட்டாயம். கயிறு கட்டித் தொங்கவிடுறது அங்க செல்லாது, யோசமிட்டி கரடிங்க பல தலைமுறையா அந்தக் கயித்தை அறுத்துப் பழகினதுங்க, அம்மா கரடி குட்டியைக் கிளையில ஏத்திவிட்டு எடுக்க வைக்கும். கெட்டிப் பிளாஸ்டிக்ல டிரம் மாதிரி இருக்கும் அந்தக் கேனிஸ்டர், பேர்வால்ட் பி.வி.500-ன்னு ஒண்ணு எல்லாரும் எடுத்துக்கிட்டுப் போவாங்க, பதினொண்ணரை லிட்டர், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல கனம். பெர்மிட் வாங்குற இடத்துலயே வாடகைக்குத் தருவாங்க, நாலு நாளைக்கு விலை குடுத்து வாங்க வேண்டியதில்ல. மூடியில ஒரு மொட்டு இருக்கும், அதை விரலால அமுக்கிக்கிட்டே திருகணும், குளிர்ல விரல் விறைச்சுப் போனா திறக்க லேசுல வராது, அதனால முதல் நாளே பழகிக்கங்க.

வாசனையைக் குறைக்க முடியாதுங்க. கரடி மூக்குக்கு முன்னால ரெண்டு ஜிப்லாக் பையெல்லாம் ஒண்ணுமே இல்ல, அதனால பொடியை விட்டுட்டு வர வேண்டாம், நல்லா சாப்பிடுங்க. எது எது டப்பாக்குள்ள போகணும்ங்கிறதுலதான் நம்ம ஆளுங்க கோட்டை விடுறாங்க. சாப்பாடு மட்டும் இல்ல. பேஸ்ட், சோப்பு, தலைக்குத் தடவுற தேங்காய் எண்ணெய், தலைவலித் தைலம், பவுடர், சன்ஸ்க்ரீன், மென்னு துப்பின பாக்குப் பொட்டலம், சாமி கும்பிடக் கொண்டுபோற ஊதுவத்தி, எல்லாமே உள்ள போகணும். எண்ணெய் தடவின தலையோட தூங்க வேண்டாம், அந்த நாலு நாளும் விட்டுடுங்க. நாலு நாள் சாப்பாட்டுல முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு வெளிய இருக்கலாம்னு நினைக்காதீங்க, ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி மிச்சம் இருக்கிறது அத்தனையும் மூடிக்குள்ள அடங்கணும், வாங்கும்போதே கொட்டி அடுக்கிப் பாருங்க.

டப்பாவை டென்ட்லேர்ந்து நூறு மீட்டராவது தள்ளி, சரிவோ தண்ணியோ பக்கத்துல இல்லாத சமதரையில வைங்க, கரடி உருட்டினா ஆத்துல போயிடும். சமைக்கிறதும் அதே மாதிரி டென்ட்டுக்குத் தள்ளி, காத்து டென்ட் பக்கம் அடிக்காத இடத்துல. சமைச்ச சட்டையோட படுக்காதீங்க. இது யோசமிட்டிக்கு மட்டும் இல்ல, மேல சாட்ஸ்வொர்த் தம்பி கேட்ட க்ளேசியர்லயும் காட்டு முகாம்கள்ல சமைக்கிற இடம் தனி, படுக்கிற இடம் தனின்னு பிரிச்சே வச்சிருக்காங்க, சாப்பாட்டைத் தூக்கிக் கட்ட கம்பமும் இருக்கும். கம்பம் இல்லாத இடத்துல மரத்துல கட்டினா தரையிலேர்ந்து மூணு மீட்டர், அடிமரத்துலேர்ந்து ஒண்ணேகால் மீட்டர் தள்ளித் தொங்கணும். ஒரு தடவை மனுசச் சாப்பாட்டு ருசி கண்ட கரடியைக் கடைசியில பார்க் காரங்களே சுட்டுக் கொல்ல வேண்டி வருது, அதை நினைச்சாவது மூடியை நல்லா திருகுங்க.

கேள்வி: நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல ஓய்வு பெற்ற ஆசிரியை. செத்த மாதிரி கிடந்தா கரடி போயிடும்னு சின்ன வயசுல கதையில படிச்சோம். எதிர்த்து அடிக்கணும்னு இப்ப வேற மாதிரி சொல்றாங்க. எது சரிங்க? டீச்சர் மாதிரி விளக்கமா சொல்லணும்.

பதில்: டீச்சர், ரெண்டும் சரி, எந்தக் கரடி, எதுக்கு வந்துச்சுங்கிறதுலதான் வித்தியாசம். நிறத்தைப் பாத்து முடிவு பண்ண முடியாது, கறுப்புக் கரடியிலயே பழுப்பு நிறம் உண்டு. தோள்ல திமில் மாதிரி புடைப்பு, மூக்குத்தண்டு உள்வாங்கின முகம், சின்ன உருண்டைக் காது இருந்தா க்ரிஸ்லி. அது திடுக்கிட்டுப்போய், இல்லன்னா குட்டிக்காகப் பாய்ஞ்சு மேல விழுந்துட்டா, விழுந்ததுக்கு அப்புறம்தான், குப்புறப் படுத்து, பேக்பேக்கைக் கழட்டாம, ரெண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால கோத்து, காலை அகட்டி, புரட்ட முடியாத மாதிரி கிடக்கணும். ஆபத்து இல்லைன்னு தோணினா அது போயிடும், போனதும் டக்குனு எழுந்திருக்காதீங்க. கறுப்புக் கரடி தாக்கினா படுக்கக் கூடாது, கல்லு, கம்பு, கையில கிடைச்சது எதாலயும் முகத்துல அடிக்கணும். எந்தக் கரடியா இருந்தாலும் பின்னாலயே மோப்பம் பிடிச்சு வந்தாலோ, ராத்திரி டென்ட்டுக்குள்ள வந்தாலோ அது உங்களை இரையா நினைக்குது, உயிரைக் குடுத்துச் சண்டை போடணும். ஓடுறது மட்டும் எப்பவும் கூடாது, இது நம்ம ஊர் சிங்கத்துக்குச் சொல்லிக் குடுக்கிறதேதான்.

கேள்வி: டர்பன் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்ல கிடைக்கிற காட்டமான மிளகாய்ப் பொடியைத் தண்ணியில கரைச்சு டென்ட்டைச் சுத்தி அடிச்சுட்டா கரடி கிட்ட வராதுல்ல? (டொங்காட் வாசகர்)

பதில்: வரும்ங்க, தேடிக்கிட்டு வரும். கரடி ஸ்ப்ரேயே காத்துல கண்ணுக்கும் மூக்குக்கும் போனாத்தான் எரிச்சல், தரையிலயோ துணியிலயோ காய்ஞ்சு போனா வெறும் மிளகாய் வாசனையோட எண்ணெய்தான், பழுப்புக் கரடிங்க அந்த இடத்துல புரண்டு நக்கிப் பாத்ததையே பதிவு பண்ணியிருக்காங்க. டென்ட் மேலயும் அடிக்கக் கூடாது, உடம்புலயும் தடவக் கூடாது. சமையலுக்கு அந்தப் பொடி அருமை, அதோட நிறுத்திக்கங்க.

கேள்வி: அடிக்காத ஸ்ப்ரே டப்பாவைத் திரும்பி வரும்போது என்ன பண்றது? ஆளுக்கு ஒண்ணு வாங்கினா வீணாத்தானே போகும்? (இசிபிங்கோ வாசகி)

பதில்: வீணாகாது அக்கா. ப்ளேன்ல ஏத்த விடமாட்டாங்க, அதனால தங்குன லாட்ஜ்ல, இல்லன்னா பார்க் விசிட்டர் சென்டர்ல கேளுங்க, பல இடத்துல வாங்கி வச்சுக்குவாங்க, அடுத்து வர்ற ட்ரெயில் ஆளுங்களுக்கு நேராவே குடுத்துடலாம். குடுக்கும்போது க்ளிப் மாட்டியிருக்கான்னு பாத்துட்டு, காலாவதித் தேதியையும் காட்டிக் குடுங்க. வெயில்ல நிக்கிற கார் உள்ள மட்டும் போட்டு வைக்காதீங்க, சூட்டுல வெடிச்சா காருக்குள்ள யாரும் உக்கார முடியாது.

அடுத்த மாசத்துக்கு டிராக்கன்ஸ்பெர்க் குகைத் தங்கல் பத்தி வந்த கடிதங்களை எடுத்து வச்சிருக்கேன், பபூன் சாப்பாட்டைத் தூக்கிட்டுப் போன கதை இருந்தா அனுப்புங்க.